டாக்டர் பதில்கள்: பூட்டிக்கிட்ட தாடையும் புது மூட்டும்

போன இதழ்ல, ஒரு விரல் கூட உள்ள போகாத அளவுக்கு வாய் திறக்க முடியாத ஒரு வாசகருக்கு "தாடை மூட்டு எலும்போட எலும்பா ஒட்டிப் போயிருக்கலாம், செயற்கை மூட்டு வைக்க வழி இருக்கு"ன்னு நாலே வரியில பதில் சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் பார்த்தா இந்த மாசம் முழுக்க இதுதான் போல. சுகர் பத்தி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் உங்களுக்குத்தான்.

கேள்வி: டாக்டர், எங்க அக்கா மக பட்டுக்கோட்டையில இருக்கா, வயசு 23. அஞ்சு வயசுல திண்ணையிலேர்ந்து விழுந்து மோவாய்ல அடி, தையல் போட்டதோட சரி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வாய் திறக்கறது குறைஞ்சு, இப்ப சோத்த கரைச்சு பல்லிடுக்கு வழியா உறிஞ்சித்தான் சாப்பிடுறா. மோவாய் உள்ள போயி இடது பக்கமா கோணியிருக்கு. சென்னையில காட்டினோம், இடது பக்கம் உலோக மூட்டு வைக்கணும்ங்கிறாங்க. மோவாய்ல பட்ட அடிக்கு காதுகிட்ட ஏன் ஆபரேஷன்? முட்டி மாத்துறாங்களே அந்த மாதிரியா? - வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அம்மா, முதல்ல ஒண்ணு செய்ங்க. ரெண்டு ஆள்காட்டி விரலையும் காது ஓட்டைக்கு சரியா முன்னாடி வச்சுக்கிட்டு வாய மெதுவா திறந்து மூடுங்க. விரலுக்கு அடியில ஒரு குமிழ் முன்னாடி போயிட்டு திரும்பி வருது தெரியுதா, அதுதான் கீழ்த்தாடையோட தலை. மண்டையோட்டுல இருக்குற ஒரு குழியில உக்காந்திருக்கு, நடுவுல மெல்லிசா ஒரு வட்டு. வாய் திறக்குறப்ப அது முதல்ல கதவு கீல் மாதிரி சுத்தும், அப்புறம் குழிய விட்டு முன்னாடி சறுக்கும், ரெண்டும் சேர்ந்தாத்தான் மூணு விரல் நுழையுற அளவுக்கு, அதாவது 35லேர்ந்து 50 மில்லிமீட்டர் வரைக்கும் வாய் திறக்கும்.

மோவாய்ல விழுந்த அடி மோவாயோட நிக்காது. தாடை எலும்பு வழியா மேல ஏறிப் போயி இந்தத் தலையிலதான் முடியும். சின்னப் பிள்ளைங்களுக்கு அந்த இடம் ரத்த ஓட்டம் ஜாஸ்தியா, மெத்துன்னு இருக்கும், அதனால நசுங்கிப் போகும், மூட்டுக்குள்ள ரத்தம் கட்டும், வலிக்குதுன்னு பிள்ளை வாய அசைக்காம இருக்கும், அசையாம கிடக்குற ரத்தக்கட்டு நாராகி நார் எலும்பாகி கடைசியில தாடையும் மண்டையோடும் ஒரே எலும்பாப் போயிடும். வெளியில தெரிஞ்சது ரெண்டு தையல் மட்டும், அதனால யாரும் காதுப் பக்கம் பார்க்கவே மாட்டாங்க. (பிள்ளைங்க வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை: மோவாய்ல தையல் போடுற அளவுக்கு அடின்னா ரெண்டு காதுக்கு முன்னாடியும் ஒரு எக்ஸ்ரேயோ ஸ்கேனோ வேணுமான்னு டாக்டர கேளுங்க, அடுத்த சில மாசம் வாய் எவ்வளவு திறக்குதுன்னு நீங்களே பாருங்க.) அடி மட்டும் காரணம் இல்ல. காதுல சீழ் பிடிச்சு அது மூட்டுக்குள்ள இறங்கினாலும் இப்படி ஆகும், முடக்குவாதம், முதுகுத்தண்டு இறுகிப்போற வாத நோய் இதுலயும் வரும்.

முகம் ஏன் கோணிச்சுன்னா, தாடை வளர்றதுக்கு அந்தத் தலை ரொம்ப முக்கியம். அஞ்சு வயசுல அது போச்சுன்னா அந்தப் பக்கம் தாடை குட்டையாவே நின்னுடும், நல்ல பக்கம் வளர்ந்துக்கிட்டே போகும். பார்க்கறவங்க குழம்புற இடம் இது: கோளாறு உள்ள பக்கம் உப்பலா நல்லா இருக்குற மாதிரியும், நல்ல பக்கம் தட்டையா நீண்டு போன மாதிரியும் தெரியும். படத்த பார்த்துட்டு சொந்தக்காரங்க "தப்பான பக்கம் ஆபரேஷன் பண்றாங்க"ன்னு ஆரம்பிச்சா விட்டுடுங்க.

நீங்க எழுதாத ஒண்ண நான் கேக்குறேன். அந்தப் பொண்ணு ராத்திரி குறட்டை விடுறாளா, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா, பகல்ல தூங்கி வழியுறாளா? தாடை பின்னாடி இருந்தா நாக்கும் பின்னாடி போயி மூச்சுப் பாதைய அடைக்கும். வாந்தி வந்தா கூட வாய் திறக்காது, அது எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சுப் பாருங்க. கல்யாணத்துக்கு முகம் சரியாகணும்னு அவசரப்படுறத விட இதுக்கு அவசரப்படணும். ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்லீப் டெஸ்ட் எடுத்துட்டாங்களான்னு கேளுங்க.

முட்டி மாதிரியாங்கிற கேள்விக்கு, பொருள் கிட்டத்தட்ட அதேதான். மேல குழிக்கு ரொம்ப கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், கீழ தலைக்கு கோபால்ட் குரோமியம், தாடையில பிடிச்சுக்கற தகடு டைட்டானியம், எல்லாம் ஸ்குரூ போட்டு இறுக்குறது. ரெடிமேடா அளவு வாரியா வர்றதும் உண்டு, ஒவ்வொருத்தருக்கும் தனியா செய்யுறதும் உண்டு. பூட்டிக்கிட்ட தாடையில இயற்கையான வடிவமே இருக்காது, எலும்பு பாறை மாதிரி குவிஞ்சு கிடக்கும், அதனால இவங்களுக்கு பெரும்பாலும் தனியா செய்யுறதுதான் வசதி. சிடி ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டர்ல எங்க வெட்டணும், தாடைய எவ்வளவு முன்னாடி கொண்டு வரணும்னு முடிவு பண்ணி, அதுக்கு ஏத்த மாதிரி மூட்ட செய்து வர வைப்பாங்க, இதுக்கே பல வாரம் ஆகும். இதுல ஒரு லாபம், மூட்ட வைக்குறப்பவே தாடைய நீளமாக்கி மோவாயையும் முன்னாடி இழுக்கலாம், மூச்சுக்கும் நல்லது.

ஆனா முட்டிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம். புது மூட்டு சுத்தும், சறுக்காது. சறுக்க வைக்குற தசை பிடிச்சிருந்த எலும்பையே வெட்டி எடுத்துட்டதால அது போயிடும். அதனால வாய் பழைய 45, 50க்கெல்லாம் போகாது, 30லேர்ந்து 35 மில்லிமீட்டர் வந்தா நாங்க சந்தோஷப்படுவோம். ஒரு பக்கம் மட்டும் மாத்தினா திறக்குறப்ப தாடை அந்தப் பக்கமா கொஞ்சம் ஒதுங்கும். ஸ்பூன் போகும், பல் டாக்டர் கை போகும், பிரஷ் போகும். 18 வருஷமா பல்லே சரியா தேய்க்க முடியாத பொண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும்.

கேள்வி: எதுக்கு டாக்டர் இரும்பு? விலா எலும்புல கொஞ்சம் எடுத்து வைப்பாங்களாமே, நம்ம எலும்பு நமக்கு, உடம்பு ஏத்துக்கும்னு எங்க பாட்டி சொல்றாங்க. - கல்லூரி மாணவர், புக்கிட் பாஞ்சாங்

பதில்: பாட்டி சொல்றது பாதி சரி தம்பி. விலா எலும்பும் அதோட முனையில இருக்குற குருத்தெலும்பும் எடுத்து வைக்குறது ரொம்ப காலமா நடக்குது, வளர்ற வயசுப் பிள்ளைங்களுக்கு இன்னைக்கும் பல டாக்டருங்க அதத்தான் முதல்ல யோசிக்குறாங்க, ஏன்னா உலோகம் வளராது, விலா எலும்பு வளரும். எவ்வளவு வளரும்ங்கிறதுதான் நம்ம கையில இல்ல. சில பிள்ளைக்கு வளரவே வளராது, சில பிள்ளைக்கு அளவுக்கு மீறி வளர்ந்து மோவாய் எதிர்ப்பக்கம் கோணிடும்.

வளர்ச்சி முடிஞ்ச பெரியவங்களுக்கு, அதுவும் ஏற்கனவே ஒரு தடவ ஆபரேஷன் பண்ணி மறுபடி பூட்டிக்கிட்டவங்களுக்கு, கதை வேற. இந்த நோயோட குணமே அந்த இடத்துல எலும்பு திரும்பத் திரும்ப முளைக்குறதுதான். அங்க போயி இன்னொரு உயிருள்ள எலும்ப வச்சா அது ஒட்டிக்க இடம் குடுத்த மாதிரி ஆகலாம். அதுவும் இல்லாம, வச்ச விலா எலும்பு பிடிக்குற வரைக்கும் தாடைய ரொம்ப ஆட்டக் கூடாது, ஆட்டாம விட்டா பூட்டிக்கும், இது ஒரு இக்கட்டு. உலோகத்துக்கு பிடிக்குற வேலையே இல்ல, ஸ்குரூ போட்ட அன்னைக்கே ஆட்ட ஆரம்பிக்கலாம். என்னக் கேட்டா பெரியவங்களுக்கு செயற்கை மூட்டு ஜெயிக்குறது இந்த ஒரு காரணத்துக்காகத்தான், பளபளப்புக்காக இல்ல.

அப்படியும் உலோகத்த சுத்தி எலும்பு முளைக்கப் பார்க்கும். அதத் தடுக்க தொப்புளுக்குக் கீழேர்ந்து கொஞ்சம் கொழுப்ப எடுத்து மூட்ட சுத்தி அடைச்சு வைக்குற பழக்கம் இருக்கு, அமெரிக்காவுல டல்லஸ்ல லாரி உல்ஃபோர்டுன்னு ஒரு சர்ஜன் இத ரொம்ப வருஷமா வலியுறுத்தினவரு. காலி இடம் இருந்தா ரத்தம் கட்டும், ரத்தம் கட்டினா எலும்பு வரும், அதனால இடத்த கொழுப்பால நிரப்பிடு, அவ்வளவுதான் யோசனை. வயித்துல கொழுப்பு எடுக்கட்டும்னு சந்தோஷப்படாதீங்க, எடுக்குறது ரொம்பக் கொஞ்சம்.

கேள்வி: அமெரிக்காவுல தாடைக்கு வச்ச செயற்கைப் பொருள் எல்லாம் கெட்டுப்போயி ஆயிரக்கணக்கான பேரு அவஸ்தப்பட்டதா படிச்சேன். இப்ப வைக்குறதுக்கு என்ன உத்தரவாதம்? - வாசகர், செங்காங்

பதில்: நீங்க படிச்சது உண்மை, அத மறைச்சுட்டு பதில் சொல்ல முடியாது. ஹூஸ்டன்ல வைடெக்னு ஒரு கம்பெனி, 1980கள்ல புரோபிளாஸ்ட் டெஃப்லான்ங்கிற பொருள்ல (டெஃப்லான்னா ஒட்டாத தவாவுல பூசுறது) தாடை மூட்டு வட்டு செஞ்சு வித்துச்சு. மெல்லுற அழுத்தத்துல டெஃப்லான் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு, உடம்பு அந்தத் துகள எதிரியா நெனச்சு சண்ட போட்டுச்சு, அந்தச் சண்டையில பக்கத்துல இருந்த எலும்பே அரிச்சுப் போச்சு, சிலருக்கு மண்டையோட்டு அடிப்பகுதி வரைக்கும். 1990ல கம்பெனி திவால், மருந்து, மருத்துவக் கருவிகள கண்காணிக்குற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ பொருள திரும்பப் பெற வச்சு அடுத்த வருஷம் எச்சரிக்கையும் விட்டுச்சு.

எனக்கு இதுல ஆத்தாமை என்னன்னா, டெஃப்லான் மூட்டுக்கு ஆகாதுன்னு அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். இங்கிலாந்துல இடுப்பு மூட்டு ஆபரேஷன உருவாக்கின ஜான் சார்ன்லி முதல்ல டெஃப்லான்தான் வச்சாரு, தேஞ்சு உதிர்ந்து பெரும்பாலானவங்களுக்கு திரும்ப எடுக்க வேண்டி வந்துச்சு, 1962ல பாலிஎத்திலீனுக்கு மாறினாரு, அப்புறம்தான் இடுப்பு மாத்துறது உலகம் பூரா ஓடுச்சு. இடுப்புக்காரங்க பட்ட பாட தாடைக்காரங்க திரும்பிப் பார்க்கல.

இன்னைக்கு தாடைக்கு வைக்குறது அந்த இடுப்பு மூட்டுப் பொருள்தான். தனியா செஞ்சு வைக்குற டிஎம்ஜே கான்செப்ட்ஸ் கம்பெனி மூட்டுக்கு 1999ல எஃப்டிஏ அனுமதி, பயோமெட் கம்பெனியோட ரெடிமேட் மூட்டுக்கு 2005ல. ஆரம்ப காலத்துல வச்சுக்கிட்டவங்கள சுமார் 20 வருஷம் கழிச்சுப் பார்த்த ஆய்வு 2015ல வந்துச்சு, வலியும் குறைஞ்சிருக்கு, வாய் திறக்கறதும் சாப்பிடுறதும் முன்ன விட மேலாவே நின்னுருக்கு. உத்தரவாதம்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க. 23 வயசுல வச்சுக்கறவங்க வாழ்நாள்ல இன்னொரு தடவ மாத்த வேண்டி வரலாம்னு மனசுல வச்சுக்கிட்டே ஒத்துக்கணும்.

கேள்வி: எனக்கே இந்த ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்காங்க, பயமா இருக்கு. வாயே திறக்காது, மயக்க மருந்துக்கு டியூப் எப்படி விடுவாங்க? முகம் ஒரு பக்கம் செத்துப் போகுமாமே? - பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ்

பதில்: டியூப்ப மூக்கு வழியா விடுவாங்கம்மா. மெல்லிசா கேமரா வச்ச வளையுற குழாய், மூக்கையும் தொண்டையையும் மரத்துப் போக வச்சுட்டு, நீங்க பாதி முழிச்சு மூச்சு விட்டுக்கிட்டு இருக்குறப்பவே உள்ள இறக்குவாங்க, டியூப் சரியா உக்காந்ததும்தான் முழு மயக்கம். சுகமா இருக்காது, ஆனா பாதுகாப்பான வழி அதுதான். மயக்க டாக்டர முன்கூட்டியே பார்க்கச் சொல்லுவாங்க, அந்த அப்பாயின்மென்ட்ட தவற விடாதீங்க, எனக்கு சர்ஜன விட அவரு முக்கியம்னு தோணும் சில நாள்.

முகம் விஷயம். வெட்டு ரெண்டு இடத்துல: காதுக்கு முன்னாடி ஒண்ணு, தாடைக்குக் கீழ ஒண்ணு. முகத்த அசைக்குற நரம்பு இந்த ரெண்டுக்கும் நடுவுல கிளை பிரிஞ்சு போகுது. புருவம் தூக்குற கிளைதான் அடிக்கடி இழுபடும், கொஞ்ச நாள் ஒரு புருவம் ஏறாது, கண்ணு முழுசா மூடாம இருக்கலாம், பெரும்பாலானவங்களுக்கு சில மாசத்துல திரும்பிடும், சிலருக்கு நிரந்தரமா நிக்குறதும் உண்டு, அத டாக்டர் சொல்லாம இருந்தா நீங்க கேளுங்க. உள்பக்கம் ஒரு பெரிய ரத்தக்குழாய் போகுது, ரத்தப்போக்கு அதுலதான் பயம்.

நாங்க தூக்கம் கெட்டுப் பயப்படுறது கிருமிக்கு. எச்சிலு ஒரு சொட்டு உலோகத்துல பட்டாலும் வம்பு, அதனால வாய்க்குள்ள பல்ல கம்பியால கட்டுற டீம் வேற, காதுப்பக்க டீம் வேற, கையுறை, கருவி எல்லாம் தனித்தனி. உங்க பங்குக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடி சொத்தைப் பல்லு இருந்தா சொல்லிடுங்க. இன்னொண்ணு, கவரிங் தோடு போட்டா காது புண்ணாகுமா உங்களுக்கு? கண்டிப்பா சொல்லுங்க, கோபால்ட் குரோமியத்துல கொஞ்சமா நிக்கல் உண்டு, ஒத்துக்காதவங்களுக்கு முழுக்க டைட்டானியத்துல செய்யலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரம்மாவுக்கு மூட்டு வச்சு மூணு வாரம் ஆச்சு. ஆபரேஷன் தியேட்டர்ல 35 மில்லிமீட்டர் திறந்துச்சுன்னு சொன்னாங்க, இப்ப 22தான். வலிக்குதுன்னு எக்சர்சைஸ் பண்ண மாட்டேங்குறா. நான் சொன்னா சண்டை. - கணவர், தெம்பனிஸ்

பதில்: அண்ணே, இந்தப் பதில அவங்ககிட்டயே படிச்சுக் காட்டுங்க. அம்மா, மயக்கத்துல இருக்குறப்ப 35 திறந்தது சர்ஜனோட வேலை. முழிச்ச பிறகு 35 நிக்குறது உங்க வேலை. பல வருஷம் அசையாத தசை சுருங்கிப் போயிருக்கு, வெட்டின இடத்துல தழும்பு இறுகிக்கிட்டு இருக்கு, இந்த முதல் சில வாரத்துல விட்டத அப்புறம் பிடிக்குறது ரொம்பக் கஷ்டம், சில பேர திரும்ப மயக்கம் குடுத்து இழுத்து விட வேண்டி வந்துருக்கு.

என்ன பண்ணணும்: டாக்டர் குடுத்த வலி மாத்திரைய முக்கால் மணி நேரம் முன்னாடி போடுங்க, வலி வந்த பிறகு இல்ல. கன்னத்துல வெதுவெதுன்னு ஒத்தடம். அப்புறம் ஐஸ்கிரீம் குச்சி மாதிரி மரக்குச்சி இருக்கே, கிளினிக்ல நாக்க அமுக்கிப் பார்ப்பாங்களே அது, எத்தனை வழக்கமா நுழையுதோ அத்தனைய அடுக்கி பல்லுக்கு நடுவுல வச்சு கொஞ்ச நேரம் பிடிச்சு, அப்புறம் நடுவுல ஒரு குச்சிய மட்டும் மெதுவா சொருகுங்க. ஒரே தடவையா அரை மணி நேரம் அழுதுக்கிட்டே பண்றத விட, முழிச்சிருக்குற நேரத்துல அடிக்கடி சின்னச் சின்னதா பண்றது மேல். ஜாக் மாதிரி கையால அமுக்குற கருவியும் இருக்கு, பிசியோகிட்ட கேளுங்க. தினம் காலையில முன்பல்லுக்கு நடுவுல ஸ்கேல் வச்சு அளந்து காலண்டர்ல எழுதுங்க, நம்பர் ஏறுறத பார்த்தா சண்டை குறையும். மூணு வாரத்தோட முடியுற வேலை இல்ல, ஆறு மாசம், ஒரு வருஷம்னு எண்ணிக்கோங்க. டாக்டர் பல்லுல ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டிருந்தா எப்ப கழட்டலாம்னு அவருகிட்ட கேட்டுட்டுத்தான் இதெல்லாம்.

அண்ணே, நீங்க "பண்ணினியா பண்ணினியா"ன்னு கேக்குறத நிறுத்திட்டு பக்கத்துல உக்காந்து குச்சிய எடுத்துக் குடுங்க. ஆனா காய்ச்சல், காதுகிட்ட வீக்கம், சீழ் வாடை, நேத்து 25 இருந்தது இன்னைக்கு திடீர்னு 15 இப்படி ஏதாவது இருந்தா எக்சர்சைஸ விட்டுட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு, வெத்தல பாக்கு பழக்கம் ரொம்ப வருஷம். இப்ப வாய் ரெண்டு விரலுக்கு மேல திறக்கல, காரம் பட்டா எரியுது. இந்த மூட்டு வச்சா சரியாகுமா? - மகள், சுவா சூ காங்

பதில்: ஆகாதும்மா. அது மூட்டுல கோளாறு இல்ல, பாக்குனால கன்னத்து உள்தோல் நாராகி இறுகிப் போறது. மூட்டு நல்லாத்தான் இருக்கும். அதுவும் அது புற்றுநோயா மாறக்கூடிய நிலை, இந்த வாரமே அரசாங்க பாலிகிளினிக்ல காட்டி பெரிய டாக்டருக்கு ரெஃபரல் வாங்குங்க, பாக்கு இன்னையோட நிக்கணும், "வெறும் பாக்குதான், புகையில இல்ல"ங்கிற சமாதானம் எல்லாம் வேண்டாம், பாக்கே காரணம். இதே மாதிரி மூக்குக்குப் பின்னாடி வர்ற புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்தவங்களுக்கும் மெல்லுற தசை இறுகி வாய் திறக்காது, அவங்களுக்கும் மருந்து முக்கியமா பயிற்சிதான். ரேடியேஷன் பட்ட தாடையில வெட்டினா சரியா ஆறாது, அதனால யாரும் லேசுல கத்தி வைக்க மாட்டாங்க.

கேள்வி: சார், கட்டட வேலை பாக்குறேன், ஒர்க் பெர்மிட். சாரத்துலேர்ந்து விழுந்து தாடை ஒடிஞ்சு கம்பி கட்டி விட்டாங்க. கம்பி எடுத்தும் வாய் ஒரு விரல்தான் திறக்குது. மூட்டு பூட்டிக்கிச்சா? செலவு யாரு குடுப்பா? - தம்பி ஒருத்தர், துவாஸ்

பதில்: பயப்படாதீங்க தம்பி, கம்பி எடுத்த புதுசுல பெரும்பாலும் தசை இறுக்கம்தான், மேல சொன்ன குச்சி வேலையில திறக்கும். மூட்டுக்குள்ளேயே ஒடிஞ்சிருந்தாத்தான் கவனம், வாரா வாரம் அளந்து பாருங்க, ஏறாம நின்னா இல்ல குறைஞ்சா சிடி ஸ்கேன் கேளுங்க. வேலையில விழுந்ததுன்னா வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்துல வரும், முதலாளி மனிதவள அமைச்சுக்கு தெரிவிச்சாரான்னு பாருங்க, ஆஸ்பத்திரி சீட்டு, எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து வைங்க. வேலைக்கு சம்பந்தமில்லாத நோய்க்கும் முதலாளி இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும், 2023 ஜூலையிலேர்ந்து அது வருஷத்துக்கு குறைஞ்சது 60,000 வெள்ளி. வழி தெரியலன்னா ஹெல்த்சர்வ்ல போயி கேளுங்க, வெளிநாட்டு ஊழியர்களுக்குன்னே இருக்கு.

இங்க சிங்கப்பூர்ல குடிமக்களும் பிஆரும் (நிரந்தரவாசிகள்) பாலிகிளினிக் ரெஃபரலோட அவுட்ராம்ல தேசிய பல் மருத்துவ நிலையத்துக்கோ, கென்ட் ரிட்ஜ் பக்கம் தேசியப் பல்கலைக்கழக வாய்நல நிலையத்துக்கோ போனா மானியம் உண்டு. ஆபரேஷனுக்கு மெடிசேவ், அதாவது மருத்துவச் செலவுக்குன்னு இருக்குற உங்க சேமிப்புக் கணக்குலேர்ந்து எடுக்கலாம். தனியா செய்யுற மூட்டோட விலைதான் பில்லுல பெரிய துண்டு, அதுக்கு எவ்வளவு மானியம், உங்க ஷீல்டு இன்சூரன்ஸ் பிளான் எவ்வளவு குடுக்கும்னு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க. செஞ்சு வந்த மூட்ட வேற யாருக்கும் வைக்க முடியாது.

சின்னச் சின்ன கேள்வி நிறைய, சேர்த்துச் சொல்லிடுறேன். எம்ஆர்ஐ எடுக்கலாம், உள்ள உலோகம் இருக்குன்னு முன்னாடியே சொல்லணும், படத்துல அந்த இடம் மட்டும் கொஞ்சம் கலங்கலா வரும். சாங்கி விமான நிலையத்துல சோதனைக் கருவி சத்தம் போட்டாலும் போடும், போடாமலும் விடும், கார்டு குடுத்தா பைல வச்சுக்கோங்க. பல்லு புடுங்கப் போனா செயற்கை மூட்டு இருக்குன்னு பல் டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க. சாப்பிடுறப்ப காதுக்கு முன்னாடி வேர்க்குதுன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, அறுத்த இடத்துல எச்சில் சுரப்பி நரம்பு வேர்வை சுரப்பியோட மாத்தி இணைஞ்சுக்கறதுனால வர்றது, ஆபத்தில்ல, தொந்தரவா இருந்தா ஊசி இருக்கு. தீபாவளிக்கு முறுக்கு சாப்பிடலாமான்னு கேட்ட ஹவ்காங் அக்காவுக்கு, ஆபரேஷன் எப்ப நடந்துச்சுன்னு நீங்க எழுதவே இல்ல, முதல் ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ளன்னா இடியாப்பம்தான்.